நெடியோர் கேட்காத ஒன்பது தாள்கள்

ஒற்றைத்தாழைக்கு முன்னால் கடலில் எழுந்த ஓர் அலை, விழாமல் பதினோரு வருடம் நின்றது. மாதா கோவில் கோபுரத்தைவிட உயரமாக, வடக்கே உப்பளத்திலிருந்து தெற்கே ஓடை வந்து சேரும் இடம் வரை நீண்டு, நுரை விளிம்பு மடிந்து ஊரை எட்டிப் பார்த்தபடி நின்ற அதை முதுகு கொடுத்துத் தாங்கியவர்கள் ஏழு நெடியோர். இரண்டு பனை உயரம் இருப்பார்கள். சாம்பல் நிறம், வாயில்லாத முகம், சங்கைப் போல உள்ளே சுழன்று போகும் காது. முழங்காலளவு நீரில் நின்று, முகத்தை ஊரின் பக்கம் வைத்து, கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அவர்கள் புத்தகத்திலிருந்து வந்தவர்கள். பாளையங்கோட்டையில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்ற சலோமி ஞானமுத்து என்ற அம்மையார் மூன்று பாகமாக எழுதத் தொடங்கிய விஞ்ஞான நாவலில், ஏதோ ஒரு நட்சத்திரத்துக்குப் பின்னாலிருந்து புறப்பட்டு வருகிறவர்கள். கோடிக்கணக்கான வருடம் வாழ்ந்து வாழ்ந்து, தங்களுக்கு என்ன வேண்டும் என்பதையே மறந்துபோய், தங்களைப் பற்றிய கதையில் என்ன காதில் விழுகிறதோ அதை மட்டுமே செய்கிறவர்கள். முதல் பாகத்தை வலைக்கூடத்தில் வாசித்த நான்காம் நாள் அவர்கள் கடலில் வந்து நின்றார்கள். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த பெண்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். லூர்தம்மாள், "ஆளு வந்திருக்காக. ஏட்டி பெர்பெத்து, கொஞ்சம் சத்தமா வாசி, தூரத்துல நிக்காகல்லா" என்றாள். பெர்பெத்து சத்தமாக வாசித்தாள்.

வலைக்கூடத்தில் வாசிப்பது அந்த ஊரின் பழைய வழக்கம். இருபது முப்பது பெண்கள் ஓலைக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்தும்போது, படிப்பு நன்றாக வருகிற ஒருத்தி புத்தகம் வாசிப்பாள். அவளுக்கு வலை வேலை கிடையாது. ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. வலை இருக்கும் இடத்தில் சாவைச் சொல்லக் கூடாது. சாவைக் கேட்ட வலை மீனைக் கொண்டு வராது, பிணத்தைக் கொண்டு வரும் என்று அங்கே எல்லாரும் நம்பினார்கள். ஆகவே வாசிக்கிறவள் முன்கூட்டியே புத்தகத்தைத் தனியாகப் புரட்டி, யாராவது சாகிற இடம் வந்தால், அந்த முதல் சொல்லோடு கண்ணை விலக்கி, உயிரோடு இருப்பவர்கள் திரும்பப் பேசத் தொடங்கும் இடம் வரைக்கும் தாள்களைச் சேர்த்துப் பிடித்து, வலைநூலால் தைத்துவிடுவாள். அந்த ஊர் வாசகசாலையில் தைக்காத புத்தகம் என்று ஒன்றுகூட இருக்கவில்லை. சரித்திரப் புத்தகம் பாதிக்குமேல் தைத்திருந்தது. ராஜாக்கள் பிறந்தார்கள், முடி சூடினார்கள், அடுத்த ராஜா பிறந்தார். அதில் யாரும் குறை காணவில்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கடலுக்குப் போன கணவன் திரும்பிக் கரையேறுகிறவரை மனைவி அவன் பெயரைச் சொல்ல மாட்டாள்.

இரண்டாம் பாகம் ஒரு புதன்கிழமை மாலை பஸ்ஸில் வந்தது. மறுநாள் பெர்பெத்து விடியுமுன் எழுந்து, அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு, அந்த வெளிச்சத்திலேயே புத்தகத்தைப் புரட்டினாள். முதல் பாகம் விட்ட இடத்திலிருந்து தொடங்கிய பதினேழாம் அத்தியாயத்தில் கடலோர ஊர் ஒன்றின் மேல் ஓர் அலை எழுந்து வர, நெடியோர் அதை முதுகால் தடுத்து நிறுத்துகிறார்கள். அடுத்த அத்தியாயத்தின் முதல் வரியிலேயே சாவு இருந்தது. கெளுத்தியைக் கழுவுகிறவள் முள்ளிலிருந்து விரலை விலக்குவதுபோல் அவள் கண்ணை விலக்கி, ஒன்பது தாள்களைச் சேர்த்துத் தைத்தாள். அதற்குள் அவள் கணவன் இஞ்ஞாசி, "ஏட்டி, சோறு கட்டிட்டியா, நேரமாச்சுல்லா" என்று வாசலில் நின்றான். அவசரத்தில் சோற்றின் மேல் குழம்பை ஊற்றித் தூக்குச்சட்டியின் மூடியை அழுத்தி மூடிக் கொடுத்தாள். தனியாளாக ஓட்டக்கூடிய அவனுடைய சின்ன வள்ளம் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் குழம்புக்கு உப்புப் போட்டோமா என்ற நினைவு வந்தது. யோசித்து யோசித்துப் பார்த்தாள். கை உப்பு வைத்திருந்த மரவைக் கிண்ணத்தை எடுத்தது ஞாபகம் இருந்தது, போட்டது ஞாபகம் இல்லை.

அன்று பகல் பதினோரு மணிக்கு அவள் வலைக்கூடத்தில் பதினேழாம் அத்தியாயத்தை வாசித்தாள். அலை எழுந்தது என்று வாசித்தாள், எழுந்தது. நெடியோர் திரும்பி முதுகு கொடுத்தார்கள் என்று வாசித்தாள், கொடுத்தார்கள். பெண்கள் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தார்கள். பெர்பெத்து தைத்த ஒன்பது தாள்களை ஒரே தாளாகப் புரட்டி, பத்தொன்பதாம் அத்தியாயத்தில் நட்சத்திரங்களின் தூரத்தைப் பற்றிச் சொல்லியிருந்ததை வாசித்து முடித்தாள். அலையை விடும்படி நெடியோருக்கு யாரும் சொல்லவில்லை. அவர்கள் விடவில்லை. சாயங்காலம் பார்த்தபோது, அலைக்குள்ளே, ஆலமர உயரத்தில், இஞ்ஞாசியின் வள்ளம் மூக்கு மேலே தூக்கியபடி நின்றது. அதில் இஞ்ஞாசி ஒரு கையால் விளிம்பைப் பிடித்து, மறு கையை ஊர்ப்பக்கம் நீட்டியிருந்தான். வாய் திறந்திருந்தது.

ஊர் அந்த அலையோடு வாழப் பழகிக்கொண்டது. கிழக்குக் கரையாதலால் சூரியன் அலைக்குப் பின்னால் எழும். பத்தரை மணிவரை ஊருக்கு வந்தது தண்ணீருக்குள் புகுந்து வந்த பச்சை வெளிச்சம்தான். அந்தப் பச்சையில் பிள்ளைகள் பல் துலக்கினார்கள், கோழிகள் தாமதமாகக் கூவின, பள்ளிக்கூடம் பதினொன்றுக்கு மாற்றப்பட்டது. உப்பு விளைவது குறைந்தது. துணி உலர்வது குறைந்தது. கருவாடு மத்தியானத்துக்கு மேல்தான் காய்ந்தது. வள்ளங்களைத் தோளில் சுமந்து பக்கத்து ஊர்த் துறைக்குப் போய்க் கடலில் இறக்கினார்கள். அதிகாரிகள் நாடா பிடித்து அளந்து, நிலையான நீர்ச்சுவர் என்று ஒரு பெயரை எழுதிக்கொண்டு போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூரிலிருந்து வேன்கள் வந்தன. சுவருக்குள் திருக்கை நீந்துவதைப் பார்த்தபடி பஜ்ஜி தின்றார்கள். புதுமாப்பிள்ளையும் பெண்ணும் நெடியோரின் கால் பெருவிரலில் சாய்ந்து போட்டோ எடுத்தார்கள். நெடியோரின் முழங்கைக் குழியில் நாரைகள் கூடு கட்டின. அவர்கள் அசையாததால் குஞ்சுகள் நன்றாகப் பிழைத்தன.

பெர்பெத்துவை யாரும் எதுவும் சொல்லவில்லை. அலையை வாசித்து எழுப்பியவளும் அவள்தான், வாசிக்காமல் நிறுத்தியவளும் அவள்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். அவள் தாலியைக் கழற்றவில்லை, பூவும் வைக்கவில்லை. கணவன் இறந்ததற்குச் சான்று கேட்டு ஒருமுறை ஊரிலிருந்த கிராம நிர்வாக ஆபீசுக்குப் போனாள். அங்கிருந்தவர் ஜன்னல் வழியாக அலையைப் பார்த்துவிட்டு, "ஆளு தெரியுறாரேம்மா, எப்படித் தர முடியும்?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தினமும் காலையில் வெளிச்சம் பச்சையாகும்போது அவள் கரையில் நின்று, அவன் நீட்டிய கையைப் பார்ப்பாள். அவனுக்கு முப்பத்துநாலு வயது அப்படியே இருந்தது. அவளுக்கு முப்பத்தொன்றிலிருந்து நாற்பத்திரண்டு ஆனது. வள்ளத்தின் அடியில் தூக்குச்சட்டி கயிற்றில் கட்டியபடி மின்னும். உப்புப் போட்டேனா என்று நினைப்பாள். பிறகு வீட்டுக்குப் போவாள்.

பதினோராம் வருடம் ஆடி மாதத்தில், வடகோடியில் நின்ற நெடியோர் ஒருவரின் கை சுண்ணாம்புபோல் உதிர்ந்தது. ஒரு வாரத்தில் அவர் முழுவதும் உதிர்ந்தார். அவர் நின்ற இடத்தில் அலை பிதுங்கி இறங்கி, லூர்தம்மாளின் அடுக்களையையும் இரண்டு ஆடுகளையும் வாரிக்கொண்டு போய், மற்றவர்கள் நெருங்கி நின்றதும் நின்றது. "என் அம்மிக்கல்லுல எந்த மீனு அரைக்கப்போவுதோ" என்றாள் லூர்தம்மாள். யாரும் சிரிக்கவில்லை.

அந்த மாதமே மூன்றாம் பாகம் வந்தது. அதுதான் கடைசிப் பாகம். பெர்பெத்து வழக்கப்படி கதவைச் சாத்தி, ஊசியில் நூல் கோத்து, முதல் பக்கத்தைத் திறந்தாள். "அலையை விட்டபின் அவர்களுடைய கைகள் லேசாயின, ஆனால் அந்த லேசை அவர்களால் தாங்க முடியவில்லை" என்று அது தொடங்கியது. கண்ணை விலக்கி அடுத்த பக்கம் போனாள். அங்கே ஒரு நெடியவர் இறந்தார். அதற்கடுத்த பக்கத்திலும், அதற்கடுத்ததிலும் இறந்தார்கள். இருநூற்று அறுபது பக்கத்தில் ஊசி இறக்க ஓர் இடம் கிடைக்கவில்லை.

ஊர்க் கமிட்டித் தலைவர் தொம்மை அவள் வீட்டுக்கு வந்தார். இஞ்ஞாசிக்கு அண்ணன் முறை.

"புஸ்தகம் வந்துட்டாமே."

"வந்துட்டு அத்தான்."

"தைச்சிட்டியா?"

"முதப் பக்கத்துலருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் சாவுதான். எங்கன தைக்க?"

"அட்டையோட அட்டையாச் சேத்துத் தைச்சிரு. வாசிக்காத புஸ்தகம் யாரை என்ன செய்யும்?"

"வடக்க நின்னவருக்கு யாரு வாசிச்சா? அவரு தன்னால விழலையா?"

தொம்மை வாசல்படியில் உட்கார்ந்து கடலைப் பார்த்தார். "மத்தவங்களும் விழுவாகளோ" என்றார்.

"எப்பன்னு தெரியாம விழுவாக. பிள்ளைக தூங்கும்போது விழலாம். பூசை நடக்கும்போது விழலாம்."

"நீ வாசிச்சாலும் விழும்லா."

"வாசிச்சா எப்பன்னு தெரியும்."

அவர் எழுந்தார். போகும்போது, "தம்பி உள்ள இருக்கான் பெர்பெத்து" என்று அவளுக்கு நினைவூட்டுகிறவர்போலச் சொன்னார். மறுநாள் அவள் இரண்டாம் பாகத்தையும் ஒரு பேனாவையும் பையில் வைத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினாள்.

சலோமி அம்மையார் கொய்யா மரம் நின்ற ஒரு பழைய வீட்டில், கண் பாதி போய், தனியாக இருந்தார். தான் எழுதியவர்கள் ஒற்றைத்தாழையில் நிற்பது அவருக்குத் தெரியும். செய்தித்தாளில் படம் பார்த்திருந்தார். "முழங்கை நான் எழுதினதைவிடக் கொஞ்சம் தடிமன்" என்று மட்டும் சொன்னார். பிறகு புத்தகத்தை வாங்கி விரலால் தடவி, தையலில் விரல் பட்டதும் நிறுத்தினார்.

"இது என்ன?"

பெர்பெத்து சொன்னாள். அம்மையார் கேட்டு முடித்து, முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தடவினார்.

"இந்த ஒன்பது தாளை எழுத எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. அந்த ஊருல ஒருத்தரைக்கூட விடாம எழுதினேன். நீங்க வாசிக்கவே இல்லையா?"

"எங்க ஊருல வாசிக்க மாட்டோம்மா."

"அதனாலதான் நிக்குறாங்க." கோபமில்லாமல்தான் சொன்னார். "இப்ப எதுக்கு வந்திருக்கீங்க?"

"ஒரு வரி எழுதித் தரணும். வள்ளத்துல எங்க வீட்டு ஆளு இருக்காக. உயிரோட கரைக்கு வந்தாகன்னு ஒரு வரி. அவுக கேட்டதைச் செய்வாகல்லா."

அம்மையார் கொய்யா மரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "முதல் பாகத்துலயே எழுதியிருக்கேனே. அவங்களால ஒண்ணை எடுக்க முடியும், பிடிக்க முடியும், விட முடியும். உயிரு அவங்க கையில இல்ல. அவங்க கடவுள் இல்லம்மா, கடவுள் மாதிரி. அந்த 'மாதிரி'யைச் சொல்லத்தான் மூணு புத்தகம் எழுதினேன்."

"அப்ப உள்ள இருக்குறவுக உயிரோட இருக்காகளா இல்லையா? அதையாவது சொல்லுங்க."

"பேப்பர் படத்துல வாய் திறந்திருந்துச்சு."

"ஆமா."

"கை நீட்டியிருக்காரு."

"ஆமா."

"சாகல. மூழ்கி முடிக்கல, அவ்வளவுதான். பதினோரு வருஷமா மூழ்கிக்கிட்டே இருக்காரு."

பெர்பெத்து அழவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் எடுத்துக் குடித்து, அம்மையாருக்கும் ஒரு தம்ளர் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மையார் தையலுக்கு வெளியே, கடைசித் தாளின் ஓரத்தில், கோணல்மாணலாக ஒரு வரி எழுதினார். "வள்ளம் மட்டும் கரை சேர்ந்தது." எழுதிவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். "இவ்வளவுதான் என்னால முடியும். என்னை மன்னிக்கணும்னு கேட்கல. நான் எழுதும்போது அந்த ஊருக்குப் பேருகூட வைக்கல."

ஊருக்கு மேற்கே தேரிக்காடு இருக்கிறது. செம்மண்ணாலான பெரிய மணல்மேடு, முந்திரியும் பனையும் நிற்கும். ஒரு மாதம் ஊர் முழுதும் அங்கே நகர்ந்தது. கதவுகளைக் கழற்றினார்கள், ஓடுகளை இறக்கினார்கள், மாதா சொரூபத்தை மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுபோனார்கள், மணியை இறக்கிக் கொண்டுபோனார்கள். வலைகளை மட்டும் மேட்டின் மறுபக்கத்தில், சத்தம் எட்டாத தூரத்தில், மண்ணைத் தோண்டிப் புதைத்து வைத்தார்கள். கல்லறைத் தோட்டத்தைக் கொண்டுபோக முடியவில்லை. அதனால் ஆளுக்கொரு பிடி மண் எடுத்து முடிந்துகொண்டார்கள்.

உப்பளக் காவல்காரர் பிச்சையா மட்டும் வரவில்லை. பெர்பெத்து நேரில் போய்க் கூப்பிட்டாள்.

"நீ வாசி மக்கா" என்றார் அவர். "பச்சை வெளிச்சத்துல கண்ணு பழகிட்டு. இனிமே வெயிலுன்னா கூசும்."

"வாசிச்சா நீங்க என் கையால போனதா ஆகும், பெரியப்பா."

"அலையை எழுப்புனப்போ என்னைக் கேட்டா எழுப்புன? போ, பிள்ளைகளைப் பாரு."

அவர் வருவாரோ என்று அவள் இரண்டு நாள் காத்திருந்தாள். இரண்டாம் நாள் தென்கோடியில் நின்ற நெடியவரின் காது உதிர்ந்து விழுந்தது. கேட்கும் காதுகள் இனி எத்தனை நாளைக்கு இருக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை தொம்மை கோவில் ஒலிபெருக்கியைத் தேரியின் உச்சியில் ஒரு பனையில் கட்டினார். ஊர் மொத்தமும் செம்மண்ணில் உட்கார்ந்தது. பெர்பெத்து நின்றபடி, வலை அறுக்கிற சின்னக் கத்தியால் ஒன்பது தாள்களின் தையலை ஒவ்வொரு முடிச்சாக வெட்டினாள். நூல் பழுத்துப்போயிருந்தது. எதிரே, பச்சைச் சுவருக்குள், அவன் கை நீட்டியிருந்தான்.

அவள் வாசிக்கத் தொடங்கினாள். நெடியோர் முகத்தைத் தேரியை நோக்கித் திருப்பினார்கள். பதினோரு வருடத்தில் அவர்கள் முகம் திரும்பியது அதுவே முதல் முறை. நாரைகள் ஒருசேரப் பறந்தன. அவள் வாசித்தது இப்படி இருந்தது: தாங்குகிறவர்களுக்குத் தாங்குவது எதற்கு என்று தெரியாதபோது அந்தச் சுமையில் நியாயம் இல்லை, தாங்கப்படுகிறவர்கள் அதைக் கேட்காதபோது அதில் கருணையும் இல்லை, ஆகையால் ஒரு முற்பகலில் அவர்கள் விட்டார்கள், மாவு பிசைந்துகொண்டிருந்தவள் மாவோடு போனாள், ஊஞ்சலில் இருந்த பிள்ளை ஊஞ்சலோடு போனது, விளக்கிச் சொல்ல ஆசிரியர் எழுதிய எழுத்து கரும்பலகையோடு போனது, ஒருவர் பெயரையும் கூப்பிட ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. அந்த ஊரில் பிறந்து வளர்ந்து, வாழ்நாளில் ஒரு சாவைக்கூடப் புத்தகத்தில் கேட்டிராத கிழவிகள், வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டு கேட்டார்கள். லூர்தம்மாள் எழுந்து வந்து பெர்பெத்துவின் பக்கத்தில் நின்று, அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்பதாம் தாளின் கடைசி வரி, "இறந்தவர்களின் பெயர்கள் யாருக்கும் தெரியாது" என்பது. அதை வாசித்துவிட்டு அவள் நிறுத்தினாள். பிறகு, புத்தகத்தில் இல்லாததை, அதே வாசிக்கும் குரலில், மூச்சு மாறாமல் வாசித்தாள்.

"இஞ்ஞாசி. அந்தோணி மகன் இஞ்ஞாசி. வயது முப்பத்துநாலு."

பதினோரு வருடமாக அவள் வாயில் வராத பெயர் ஒலிபெருக்கியில் பெரிதாகக் கேட்டது. அதுவரை பொறுத்துக் கேட்டுக்கொண்டிருந்த நெடியோருக்கும் கேட்டது. அவர்கள் கைகளைக் கீழே விட்டு, முதுகை விலக்கினார்கள்.

அலை விழுந்த சத்தத்தை யாராலும் பிறகு சொல்ல முடியவில்லை. தேரி ஒருமுறை அசைந்தது. தண்ணீர் மேட்டின் பாதிவரை ஏறி, செம்மண்ணைத் தொட்டுச் சிவந்து, திரும்பியது. பிச்சையாவோடு உப்பளம் இருந்த இடமும் வலைக்கூடமும் வாசகசாலையும் அதிலிருந்த தைத்த புத்தகங்களும் போயின. கோபுரத்தின் சிலுவை மட்டும் நீருக்கு மேலே தெரிந்தது. பதினோரு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் காலை ஒன்பது மணிக்கு ஊரார் மேல் மஞ்சள் வெயில் அடித்தது. பிள்ளைகள் கண்ணைப் பொத்திக்கொண்டு அழுதன. பிச்சையா சொன்னது சரிதான், கூசியது.

பெர்பெத்து ஓரத்தில் எழுதியிருந்த வரியையும் வாசித்தாள். பிறகு உட்கார்ந்து, மூன்றாம் பாகத்தைத் திறந்து, அதையும் வாசித்தாள். யாரும் அவளை வாசிக்கச் சொல்லவில்லை, நிறுத்தவும் சொல்லவில்லை. மிச்சமிருந்த ஆறு நெடியோர் கலங்கிய நீரில் ஒவ்வொருவராக உட்கார்ந்து, ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள். கடைசி நெடியவர் கடைசிப் பக்கம் வரை, இருந்த ஒற்றைக் காதைத் திருப்பி, கவனமாகக் கேட்டார். முடிந்ததும் தலையை ஒருமுறை அசைத்ததாக லூர்தம்மாள் சொல்கிறாள். மற்றவர்கள் அது காற்று என்கிறார்கள்.

சாயங்காலம் தேரியின் அடியில் வள்ளம் ஒதுங்கியிருந்தது. ஒரு பலகைகூட விலகவில்லை. அதற்கு நாற்பதடி தள்ளி, முந்திரி வேரில் சிக்கி, இஞ்ஞாசி கிடந்தான். வாய் மூடியிருந்தது. தொம்மை தன் தோளிலிருந்த துண்டை எடுத்து அவன் மேல் போர்த்தி, "இன்னும் சின்னப் பையனாவே இருக்கானே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பெண்கள் பெர்பெத்துவைப் பிடித்துக்கொள்ள வந்தார்கள். அவள் அவன் முகத்திலிருந்த மண்ணை விரலால் வழித்துவிட்டு, எழுந்து வள்ளத்துக்குப் போனாள்.

தூக்குச்சட்டி கட்டிய கயிற்றோடு அப்படியே இருந்தது. மூடி இறுகியிருந்தது. கத்தியின் முனையை விட்டு நெம்பித் திறந்தாள். சோறு விறைக்கவில்லை. குழம்பு புளிக்கவில்லை. அடியில் லேசாகச் சூடுகூட இருந்தது. அவள் மணலில் உட்கார்ந்து, ஒரு கவளம் பிசைந்து வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். ஊர் முழுவதும் நின்று பார்த்தது.

"என்னட்டி?" என்றாள் லூர்தம்மாள்.

"உப்பு இருக்கு" என்றாள் பெர்பெத்து.

பிறகு மூடியைத் திருப்பி அதன் உள்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே ஈரம் இருந்தது. அது சோற்றின் ஆவியா, உள்ளே இறங்கிய கடலா என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். வாயில் ஏற்கெனவே உப்பு இருந்ததால் அதிலும் தெரியவில்லை. அவள் இன்னொரு கவளம் எடுத்தாள்.